அந்தக் கூட்டம் எங்கே நடக்கிறது?

குடியை விட நினைப்பவர்கள் கூடும் இடத்தைத் தேடிப் போன கதை

"ஐயா, என் கணவர் குடிக்கிறார். அவர் கெட்டவர் அல்ல. குடித்தால்தான் கெட்டவர்."

இப்படித் தொடங்குகிறது அந்தக் கடிதம். எழுதியவர் ஒரு சகோதரி. சென்னைக்கு மேற்கே, தொழிற்சாலைகள் நிறைந்த ஒரு பகுதியில் குடியிருக்கிறார். பெயரும் ஊரும் பத்திரிகையில் வரவேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஆகவே இரண்டும் இங்கே இல்லை.

கணவர் லேத் பட்டறையில் வேலை செய்கிறார். கைதேர்ந்த தொழிலாளி. இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவள் 8-ம் வகுப்பு. இளையவள் 3-ம் வகுப்பு.

"ராத்திரி அவர் வரும்போது செருப்புச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்தே இன்றைக்கு எப்படி வருகிறார் என்று சின்னவள் சொல்லிவிடுவாள். உடனே இருவரும் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வார்கள்" என்று எழுதியிருக்கிறார்.

அந்தச் சகோதரி செய்யாதது ஒன்றும் இல்லை. கோவிலில் கயிறு கட்டினார். கணவரை மாலை போட வைத்தார். 48 நாள் அவர் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. வீட்டில் தினமும் திருவிழாதான். மாலையைக் கழற்றிய அன்று இரவு, பழையபடி அந்தச் செருப்புச் சத்தம் கேட்டது.

கடிதத்தின் கடைசியில் அவர் கேட்கிறார்:

"குடியை விட்டவர்கள் ஒன்றுகூடிப் பேசும் கூட்டம் இருக்கிறதாமே? பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்கள். அந்தக் கூட்டம் எங்கே நடக்கிறது? யாரைக் கேட்பது? எவ்வளவு பணம் கட்டவேண்டும்?"

நியாயமான கேள்விகள். மதுக்கடைக்கு வழி கேட்டால் தெருவில் போகிற யாரும் கையைக் காட்டுவார்கள். இந்தக் கூட்டத்துக்கு வழி சொல்லத்தான் ஆள் இல்லை. ஆகவே நானே தேடிப் புறப்பட்டேன்.

ஆனால் எனக்கு முன்பே ஒருவர் இப்படித் தேடியிருக்கிறார். அவர் தேடியதால்தான் அந்தக் கூட்டமே பிறந்தது. முதலில் அந்தக் கதையைக் கேளுங்கள்.

ஓட்டலில் ஒரு டெலிபோன்

அமெரிக்காவில், ஓஹியோ மாநிலத்தில், அக்ரன் என்று ஓர் ஊர். மோட்டார் டயர் தொழிலுக்குப் பேர்போன ஊர்.

1935-ம் ஆண்டு மே மாதம். ஒரு சனிக்கிழமை. அந்த ஊரில் உள்ள மேபிளவர் ஓட்டலின் கூடத்தில் ஒருவர் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தார். அவர் பெயர் பில் வில்சன். வயது 39.

நியூயார்க்கில் பங்கு மார்க்கெட்டில் கொடி கட்டிப் பறந்தவர். குடியால் அத்தனையையும் தொலைத்தவர். மனைவி லோயிஸ் கடையில் வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். ஒரே ஆஸ்பத்திரியில் நான்கு தடவை சேர்ந்து வெளியே வந்தவர். கடைசியாக 1934 டிசம்பரில் குடியை விட்டார். ஐந்து மாதமாக அதைத் தொடவில்லை.

ஒரு கம்பெனி விவகாரமாக அக்ரனுக்கு வந்தார். வந்த காரியம் தோற்றுப்போயிற்று. கூட வந்தவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். தெரிந்தவர்கள் யாரும் இல்லாத ஊர். கையில் காசும் குறைவு.

கூடத்தின் ஒரு பக்கம் மதுக்கூடம். உள்ளே சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. "உள்ளே போய் ஒரு சோடா மட்டும் குடித்தால் என்ன?" என்று மனம் கேட்டது. குடிப்பவர்களுக்கு இந்த மனம் நன்றாகத் தெரியும். சோடாவில்தான் அது தொடங்கும்!

கூடத்தின் இன்னொரு பக்கம் டெலிபோன். அதன் அருகே ஊரில் உள்ள மாதா கோவில்களின் பட்டியல் மாட்டியிருந்தது.

பில் வில்சனுக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. நியூயார்க்கில் அந்த ஐந்து மாதமும் அவர் குடிகாரர்களைத் தேடித்தேடிப் போய்ப் பேசினார். ஒருவர்கூடத் திருந்தவில்லை. சலித்துப்போய் வீட்டில் சொன்னபோது, லோயிஸ்தான் எடுத்துக் காட்டினார். யார் திருந்தினார்களோ இல்லையோ, நீங்கள் இன்னும் குடிக்கவில்லையே என்றார்.

"இப்போது நான் தப்பவேண்டுமானால், இன்னொரு குடிகாரரோடு பேசவேண்டும்!"

பட்டியலைப் பார்த்து ஒரு பாதிரியாருக்கு டெலிபோன் செய்தார். அவர் சிலருடைய பெயர்களைக் கொடுத்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பலன் இல்லை. கடைசியில் ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற மாதரசியின் பெயர் கிடைத்தது. பெரிய டயர் கம்பெனி முதலாளி வீட்டு மருமகள். "நான் நியூயார்க்கிலிருந்து வந்திருக்கும் ஒரு குடிகாரன்" என்கிற தினுசில் ஒரு முன்பின் தெரியாத ஆள் பேசினால், வேறு யாராக இருந்தாலும் டெலிபோனை வைத்திருப்பார்கள். அந்த அம்மாள் வைக்கவில்லை. அவருக்கு ஒரு குடிகார நண்பர் இருந்தார். அவருக்காகத் தவித்துக்கொண்டிருந்தார்.

அந்த நண்பர் டாக்டர் பாப் ஸ்மித். ஆபரேஷன் செய்யும் டாக்டர். வயது 55. மறுநாள் அன்னையர் தினம். மனைவிக்காக ஒரு பூச்செடித் தொட்டியை வாங்கி வந்தார் டாக்டர். தொட்டி மேஜைமேல் இருந்தது. டாக்டர் மேஜைக்குக் கீழே இருந்தார்! ஆகவே அன்று சந்திக்க முடியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்கு டாக்டர் வந்தார். "கால் மணி நேரம்தான் இருப்பேன்" என்று மனைவியிடம் நிபந்தனை போட்டுவிட்டுத்தான் வந்தார். புத்திமதி கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன மனிதர். இவரும் அதைத்தான் சொல்வார் என்று நினைத்தார்.

பில் வில்சன் புத்திமதி சொல்லவே இல்லை. தன் கதையைச் சொன்னார். எப்படி ஒளித்து வைத்தார், எப்படிப் பொய் சொன்னார், எப்படி சத்தியம் செய்து மீறினார் என்று சொன்னார். டாக்டர் திடுக்கிட்டார். அது தன்னுடைய கதை!

கால் மணி நேரத்துக்கு வந்தவர் வெளியே போகும்போது இரவு 11 மணிக்கு மேல் ஆகிவிட்டது.

அதோடு முடியவில்லை. சில வாரத்தில் டாக்டர் ஒரு மகாநாட்டுக்கு வெளியூர் போனார். அங்கே மறுபடியும் குடித்தார். தூக்கிக்கொண்டு வராத குறை. ஜூன் மாதம் 10-ந் தேதி காலையில் அவருக்கு ஓர் ஆபரேஷன் இருந்தது. கையோ நடுங்கியது. நடுக்கம் அடங்குவதற்காக பில் வில்சனே ஒரு பாட்டில் பீர் கொடுத்தார். அதுதான் கடைசி. 1950-ம் ஆண்டில் இறக்கும் வரை டாக்டர் பாப் குடிக்கவில்லை.

அந்த ஜூன் 10-ந் தேதியைத்தான் அந்த அமைப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய், படுக்கையில் கிடந்த ஒரு வக்கீலிடம் பேசினார்கள். இரண்டு பேர் மூன்று பேர் ஆனார்கள்.

1939-ம் ஆண்டில் தங்கள் அனுபவத்தைப் புத்தகமாகப் போட்டார்கள். அந்தப் புத்தகத்தின் பெயரே அமைப்பின் பெயராயிற்று: ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். பெயர் வெளியிடாத குடிநோயாளிகள் என்று பொருள். சுருக்கமாக ஏ.ஏ. 1957-ல் இந்தியாவுக்கும் வந்தது. இன்று சுமார் 180 நாடுகளில் ஏ.ஏ. கூட்டங்கள் நடக்கின்றன. சுமார் 20 லட்சம் பேர் உறுப்பினர்கள் என்று மதிப்பிடுகிறார்கள்.

"ஏ.ஏ.-வா? நேரே போங்க!"

இனி என் தேடலுக்கு வருகிறேன்.

செல்போனில் "ஏ.ஏ." என்றும் ஊர்ப் பெயரும் போட்டுத் தேடினேன். கூட்டம் நடக்கும் இடங்களின் பட்டியல் கிடைத்தது. டெலிபோன் எண்ணும் இருந்தது. கூப்பிட்டேன்.

மறுமுனையில் ஒரு பெரியவரின் குரல். "யாருக்காகக் கேட்கிறீர்கள்?" என்றார்.

"எனக்கு இல்லை சார். ஒரு வாசகிக்காக" என்றேன்.

சிரித்தார். "பரவாயில்லை தம்பி. முதலில் எல்லோருமே வேறு யாருக்காகவோதான் கேட்பார்கள். நான் என் மைத்துனருக்காகக் கேட்டேன். எனக்கு மைத்துனரே கிடையாது!"

நான் பத்திரிகைக்காரன் என்பதை நம்ப வைக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. பிறகு விவரம் சொன்னார். கூட்டத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, குடிநோயாளிகள் மட்டும் கலந்துகொள்வது. இன்னொன்று, யாரும் வரலாம். குடும்பத்தார், டாக்டர்கள், பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் வரலாம். "ஞாயிற்றுக்கிழமை மாலை 6 மணிக்கு இரண்டாவது வகைக் கூட்டம் இருக்கிறது, வாருங்கள்" என்றார்.

போனேன். ஒரு மாதா கோவிலை ஒட்டிய பள்ளிக்கூடம். காவலாளியிடம், "குடியை விட்டவர்கள் கூட்டம் எங்கே?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்த மாதிரி ஆளுங்க எல்லாம் இங்கே வரமாட்டாங்க" என்று சொல்லிவிட்டார்.

திரும்பி, எதிரே இருந்த டீக்கடையில் கேட்டேன். "ஏ.ஏ. மீட்டிங்கா? நேரே போங்க. பின்பக்கம், படிக்கட்டுக்கு இடதுபுறம்" என்றார் கடைக்காரர்.

ஆகவே முதல் பாடம் இது: அந்தச் சகோதரியும் அவரைப் போன்றவர்களும் "ஏ.ஏ." என்றே கேட்கவேண்டும்.

அறைக் கதவில் ஒரு சின்ன அட்டை. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு மேஜை. ஒரு பாத்திரம் நிறைய டீ. பதினான்கு பேர் இருந்தார்கள். ஒருவர் பாங்கு அதிகாரி போல் இருந்தார். ஒருவர் காக்கிச் சட்டை போட்ட ஆட்டோ டிரைவர். கல்லூரி மாணவர் வயதில் ஒருவர். ஓர் அம்மாளும் இருந்தார். குடிநோய் ஆண்களுக்கு மட்டும் என்று யாரும் நினைக்கவேண்டாம்.

அங்கே கேட்டதை அங்கேயே விட்டுவிட்டுப் போகவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று வெளியே சொல்லக்கூடாது. ஆகவே அவர்கள் சொன்ன கதைகளை நான் எழுதப்போவதில்லை. வாசகர்கள் மன்னிக்கவேண்டும். நடந்த முறையை மட்டும் சொல்கிறேன்.

ஒருவர் எழுந்து தன் முதல் பெயரைச் சொல்கிறார். "நான் ஒரு குடிநோயாளி" என்கிறார். பதினோரு வருஷம் குடிக்காதவரும் "நான் குடிநோயாளியாக இருந்தேன்" என்று சொல்வதில்லை. "நான் குடிநோயாளி" என்றுதான் சொல்கிறார். நோய் போகவில்லை, தூங்குகிறது என்று அர்த்தம். பிறகு தன் கதையைச் சொல்கிறார். யாரும் குறுக்கே பேசுவதில்லை. "நீ இப்படிச் செய்திருக்கலாமே" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. கேட்டு முடித்ததும் அடுத்தவர் தன் கதையைச் சொல்கிறார். அவ்வளவுதான்!

இதில் என்ன மருந்து இருக்கிறது என்று முதலில் எனக்கும் தோன்றிற்று.

சிறிது நேரம் கழித்து ஒருவர் எழுந்து, "இன்றோடு எனக்கு மூன்று நாள்" என்றார். குரல் தழுதழுத்தது. பதினோரு வருஷக்காரருக்குத் தட்டியதைவிட அவருக்குத்தான் கைதட்டல் அதிகம். அந்த அறையில் மூன்று நாள் எவ்வளவு பெரிய விஷயம் என்று பதினான்கு பேருக்கும் தெரியும். வெளியே யாருக்குத் தெரியும்?

கடைசியில் ஒரு துணிப்பை சுற்றி வந்தது. பத்து, இருபது என்று விருப்பப்பட்டவர்கள் போட்டார்கள். வாடகைக்கும் டீக்கும் அந்தப் பணம்தான். நான் நூறு ரூபாய் நோட்டை நீட்டினேன். பக்கத்தில் இருந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வெளியார் பணம் வாங்குவதில்லை சார்" என்றார். சந்தாவும் கிடையாது. கட்டணமும் கிடையாது. குடியை நிறுத்தவேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் அனுமதிச் சீட்டு. குடித்துவிட்டு வந்தாலும் துரத்துவதில்லை. சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

இன்று ஒரு நாள்

டெலிபோனில் பேசிய பெரியவர் கூட்டத்துக்குப் பிறகு என்னோடு டீக்கடைக்கு வந்தார். தன்னைப் பற்றி எழுதிக்கொள்ள அனுமதி கொடுத்தார். பெயர் மட்டும் கூடாது.

"இந்தக் கட்டடத்தின் வாசல் வரை மூன்று வாரம் வந்து திரும்பிப் போனேன்" என்றார். "தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்? சாக்கடையில் விழுந்து கிடந்தபோது ஊரே பார்த்தது. அப்போது வராத வெட்கம், இந்தக் கதவைத் தொடும்போது வந்துவிட்டது!"

மாலை போட்டுக் குடியை நிறுத்திய சகோதரியின் கணவரைப் பற்றி அவரிடம் சொன்னேன்.

"நல்ல விஷயம்தானே? 48 நாள் அவரால் முடிந்திருக்கிறது" என்றார். "ஆனால் அந்த 48 நாளும் அவர் நாளை எண்ணிக்கொண்டிருந்திருப்பார். 49-வது நாளுக்காக! நானும் அப்படித்தான். 'இனி இந்த ஜென்மத்தில் தொடமாட்டேன்' என்று பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். ஜென்மம் என்பது எவ்வளவு பெரியது தம்பி! நினைத்தாலே பயம் வந்துவிடும். பயம் வந்தால் குடிக்கத் தோன்றும். இங்கே ஜென்மத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இரு என்கிறார்கள். முடியவில்லையா, சாப்பிடுகிற வரையில் குடிக்காமல் இரு. சாப்பிட்டபின் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஒரு நாளைத்தான் நான் நாலாயிரம் தடவைக்கு மேல் இருந்திருக்கிறேன்."

புதிதாக வருகிறவருக்குப் பழையவர் ஒருவர் துணையாக இருப்பார். குடிக்கவேண்டும் என்று கை பரபரக்கும்போது அவரைக் கூப்பிடலாம். நள்ளிரவானாலும் கூப்பிடலாம். கூப்பிடுகிறவருக்கு மட்டுமல்ல, எடுக்கிறவருக்கும் அது மருந்து. அக்ரன் ஓட்டலில் பில் வில்சன் கண்டுபிடித்தது அதைத்தான்.

"மதம் மாற்றுகிற இடமோ என்று வீட்டில் பயந்தார்கள்" என்றும் சொன்னார். மாதா கோவில் கட்டடத்தில் நடப்பதால் வரும் சந்தேகம் அது. வாடகைக்கு இடம் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். ஏ.ஏ. வகுத்திருக்கும் 12 படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது. ஆனால் எந்தக் கடவுள் என்பது அவரவர் விருப்பம். பெரியவர் முருக பக்தர். கூட்டத்தில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கடவுளே இல்லை என்பவர். "எனக்குமேல் இந்தக் கூட்டம் இருக்கிறது, அது போதும்" என்பாராம் அவர்.

டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள்?

பேசிப் பேசியே நோய் தீருமா? இந்தக் கேள்வியை ஆராய்ச்சியாளர்களும் கேட்டிருக்கிறார்கள். 27 ஆராய்ச்சிகளை, 10,565 பேரைப் பற்றிய விவரங்களைத் திரட்டி ஆராய்ந்து, 2020-ம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஏ.ஏ.-யோடு இணைந்த சிகிச்சை பெற்றவர்களில், ஓராண்டுக்குப் பிறகும் ஒரு சொட்டும் தொடாதவர்கள் 100-க்கு 42 பேர். மற்ற முறைகளில் 100-க்கு 35 பேர்.

மீதி 58 பேர்? அதையும் மறைக்கக்கூடாது. எல்லோருக்கும் இது பலிப்பதில்லை. சிலருக்கு நாலுபேர் முன்னால் பேச வராது. சிலருக்கு மருந்தும் தனி ஆலோசனையும் வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்பவர்களும் உண்டு. ஏ.ஏ. ஆஸ்பத்திரிக்குப் போட்டி அல்ல. தொடக்கி வைத்த இருவரில் ஒருவர் டாக்டர்தானே!

இங்கே இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லியே ஆகவேண்டும்.

காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் உள்ளவர், வீட்டில் திடீரென்று நிறுத்தக்கூடாது. நிறுத்திய முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாளில் இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். உளறல் வரும். உடம்பு நெருப்பாய்க் கொதிக்கும். "பேய் பிடித்துவிட்டது" என்று மந்திரவாதியிடம் கூட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். உயிருக்கே ஆபத்தான கட்டம் அது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். முதலில் டாக்டர், பிறகு கூட்டம்.

இன்னொன்று, பொடி. "கணவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை மறந்துவிடுவார்" என்ற விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். நமக்குக் கடிதம் எழுதிய சகோதரியும் ஒரு தடவை வாங்கியிருக்கிறார். நல்லவேளை, கலக்கப் பயந்து கொட்டிவிட்டார். மதுவோடு சேர்ந்தால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் இறங்குதல் எல்லாவற்றையும் உண்டாக்கும் மருந்து உண்மையிலேயே உண்டு. டாக்டர் பார்வையில், நோயாளியின் சம்மதத்தோடு கொடுக்கவேண்டிய மருந்து அது. தெரியாமல் கொடுத்து, அவரும் தெரியாமல் குடித்தால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்!

அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே குடிநோய்க்குச் சிகிச்சை உண்டு. அக்கம்பக்கத்தில் எந்த ஏ.ஏ. கூட்டம் நடக்கிறது என்பதும் பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். 14446 என்பது போதை மீட்புக்கான தேசிய இலவச டெலிபோன் எண். அதிலும் கேட்கலாம். ஊரில் கூட்டமே இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. கொரோனா பரவிய 2020-ம் ஆண்டு முதல் செல்போன் மூலமாகவும் கூட்டம் நடத்துகிறார்கள். முகத்தைக் காட்டவேண்டிய அவசியம்கூட இல்லை.

இவ்வளவு இருந்தும் வருகிறவர்கள் எத்தனை பேர்? 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கு இது: நம் நாட்டில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மற்ற 37 பேர்?

மனைவிக்கும் ஒரு கூட்டம்

பெரியவரிடம் கடைசியாகக் கேட்டேன். "அந்தச் சகோதரி அழைக்கிறார். கணவர் வரமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?"

"அந்த அம்மா முதலில் வரட்டும்" என்றார்.

பில் வில்சன் குடியை விட்டபிறகும் லோயிஸுக்கு நிம்மதி இல்லை. ஒருநாள் கோபத்தில் அவர்மேல் செருப்பை வீசி எறிந்தாராம். வருஷக்கணக்கில் பயந்து, மறைத்து, கடன் அடைத்து, அண்டை வீட்டில் பொய் சொல்லி வாழ்ந்தவர்களுக்கும் ஒரு நோய் பிடித்துக்கொள்கிறது என்று அவருக்குப் புரிந்தது. 1951-ம் ஆண்டில், குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காகத் தனி அமைப்பைத் தொடங்கினார். அதன் பெயர் அல்-அனான். பிள்ளைகளுக்காக 1957-ல் அல்-அட்டீன் என்ற பிரிவு வந்தது.

நம் ஊரிலும் குடும்பத்தின் வேதனையிலிருந்துதான் ஒரு பெரிய முயற்சி பிறந்தது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் தன் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தார். 1980-ம் ஆண்டில் அவர் பெயரிலேயே ஒரு சிகிச்சை அமைப்பைத் தொடங்கினார். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நோயாளியோடு குடும்பத்தாருக்கும் சேர்த்தே பயிற்சி கொடுப்பது அங்கே வழக்கம்.

நான் போன பள்ளிக்கூடத்திலும், பக்கத்து அறையில், அதே நேரத்தில் அல்-அனான் கூட்டம் நடக்கிறது. விவரங்களை எழுதி அந்தச் சகோதரிக்கு அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது.

அவர் போனார். முதல் வாரம் ஒன்றும் பேசாமல் அழுதுவிட்டு வந்தார். இரண்டாவது வாரம் அங்கே ஒரு அம்மாள் சொன்னதைக் கேட்டுவிட்டு வீட்டில் ஒரு மாறுதல் செய்தார். கணவர் வேலைக்குப் போகாத அன்று, "காய்ச்சல்" என்று பட்டறை முதலாளிக்கு இவர்தான் டெலிபோன் செய்வது வழக்கம். அதை நிறுத்திவிட்டார். "நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்" என்றார். வீட்டில் பெரிய சண்டை. ஆனாலும் அவர் டெலிபோன் செய்யவில்லை.

ஐந்தாவது வாரம், "அங்கே அப்படி என்னதான் பேசுகிறீர்கள்?" என்று கேட்டுக்கொண்டே கணவர் வண்டியில் கொண்டுவந்து விட்டார். உள்ளே வரமாட்டேன் என்று சொல்லி எதிரே டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். ஏழரை மணிக்கு இவர் வெளியே வந்து பார்த்தபோது, கணவருக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாராம்.

திரும்பிப் போகும்போது வண்டியில் கணவர் கேட்டார்: "அந்த ஆள் நிஜமாகவே பதினோரு வருஷமாகக் குடிக்கவில்லையா?"

"எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த வாரம் நீங்களே கேளுங்கள்" என்று இவர் சொன்னார்.

அதற்கடுத்த சம்பள நாளில் அவர் குடித்தார். குழந்தைகள் கண்ணை மூடிக்கொண்டன. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்தார். டீக்கடையில் உட்கார்ந்தார். இன்னும் அந்தப் படிக்கட்டுக்கு இடதுபுறம் போகவில்லை. பெரியவர் வாரம் தவறாமல் வெளியே வந்து அவரோடு ஒரு டீ குடிக்கிறார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மாலை 6 மணிக்குக் கூட்டம்.